உள்ளே நூற்றெண்பத்தேழு பேர்

இறால் தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் கதவுக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசலில் நின்றுகொண்டு முகத்தை உற்றுப் பார்த்து, பிடித்தால்தான் உள்ளே விடும் என்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மொத்தம் நான்கு மாமியார். உள்ளே போக இரண்டு, வெளியே வர இரண்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கேமரா. எதிரே போய் நின்றால் பச்சை விளக்கு எரியும், கண்ணாடித் தடுப்பு விலகும். உள்ளே போனால் கணக்கில் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும். ஆயிரத்து நானூறு பேர் வேலை செய்கிற இடத்தில் இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் என்று ஒரு திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிடோஅர்ஜோ வட்டாரத்தில் வேறு எந்த இறால் தொழிற்சாலையிலும் இது கிடையாது.

இதைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு வருடம் நிர்வாகத்தின் காலைச் சுற்றியவள் முர்தினி. காவல் பிரிவில் துணைத் தலைவி. நாற்பத்து நான்கு வயது, கணீரென்ற குரல். அதற்கு முன்பெல்லாம் வருகைக்குத் தகர வில்லைதான். பேர் எழுதின வில்லையை ஆணியில் மாட்டினால் ஆள் உள்ளே இருப்பதாக அர்த்தம். ஒருத்தி வந்து தன் வில்லையோடு வராத நான்கு தோழிகளின் வில்லையையும் மாட்டிவிட்டுப் போவாள். "பாவம் இபு, பிள்ளைக்குக் காய்ச்சலாம்" என்பாள். அந்த ஊரில் இபு என்றால் அம்மா. ஒரு தடவை தீ ஒத்திகை நடத்தினபோது, உள்ளே எரிந்து கருகிப்போனதாகக் கணக்கு சொன்ன நாற்பது பேர் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் முர்தினி முடிவு செய்தாள், இனிமேல் ஆளையே எண்ண வேண்டும் என்று.

அவ்வளவு பேசி, அவ்வளவு சண்டை போட்டு மாமியாரைக் கொண்டுவந்தவள், மாமியாருக்குத் தெரியாமல் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமைதான் காரணம். பதினொன்றரைக்கு ஜும்மா தொழுகைக்கு இடைவேளை விட்டால், ஷிஃப்டில் இருக்கிற முஸ்லிம் ஆண்கள் அத்தனை பேரும், நூற்றெண்பது பேருக்குக் குறையாமல், எதிர்ச்சாரியில் இருக்கிற பள்ளிவாசலுக்குக் கிளம்புவார்கள். வெளியே வர இரண்டே கதவு. தொப்பியைச் சரிசெய்து, முகத்தை நிமிர்த்தி, ஒருவர் பின் ஒருவராக வந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் வந்தவர்களுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. தார் ரோட்டில், உச்சி வெயிலில், பாயை விரித்துத் தொழுதார்கள். இரண்டு வாரம் பொறுத்தார்கள். மூன்றாவது வாரம் முணுமுணுப்பு கூச்சலாயிற்று. அதில் அதிகமாகக் கத்தினவன் முர்தினியின் சொந்தப் புருஷன் தர்முஜி. அதே தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

"ஒரு மனுஷனை நிம்மதியா அல்லாவைத் தொழ விடுறியா நீ? முட்டி ரெண்டும் தார்ல வெந்து போச்சு."

"எங்க மாஸ், காட்டுங்க பார்ப்போம்." புருஷனை அவள் மாஸ் என்றுதான் கூப்பிடுவாள்.

"வெந்ததெல்லாம் வெளிய தெரியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை முர்தினி லாரி கேட்டைத் திறந்துவிட்டாள். நூற்றெண்பது சொச்சம் பேரும் இரண்டே நிமிடத்தில் கலகலவென்று வெளியே போனார்கள். தொழுதுவிட்டு அதே வழியாக உள்ளே வந்தார்கள். போனதும் கணக்கில் இல்லை, வந்ததும் கணக்கில் இல்லை. சாயங்காலம் எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகாமல் நின்றது. பிறகென்ன? ஐந்து வெள்ளிக்கிழமை இப்படியே கமுக்கமாக ஓடிற்று. போகிறவர்கள் அவளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆறாவது வெள்ளிக்கிழமை, கேட்டைத் திறந்துவிட்டு நிற்கும்போது ஃபெலிசியா வந்தாள். கதவுகளைப் பொருத்தின கம்பெனியின் இஞ்சினியர், சுரபாயாக்காரி. கையில் டேப்லெட்டோடு வந்து நேரே விஷயத்துக்குப் போனாள்.

"இபு முர், ஒண்ணு புரியல. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு ஆள்கூட வெளிய போகலைன்னு காட்டுது. அஞ்சு வாரமா. இந்த ஃபேக்டரில யாரும் ஜும்மாவுக்குப் போறதில்லையா?"

அவள் சொல்லி முடிக்கும்போதே பின்னால் லாரி கேட்டில் வெள்ளைச் சட்டையும் கைலியுமாக ஒரு பெருங்கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஃபெலிசியா அதைப் பார்த்தாள். பிறகு முர்தினியைப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் சரி பண்ணிடறேம்மா," என்றாள் முர்தினி. "இன்னிக்குக் கண்டுக்காதே."

"கண்டுக்கலைன்னா கணக்கு பொய்யாயிடும் இபு."

"சாயங்காலம் சரியாத்தானே இருக்கு?"

ஃபெலிசியாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பெரியவளை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டாள். பேசியிருக்கலாம்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சைரன் அலறிற்று.

அமோனியா. இறாலை உறைய வைக்கிற குளிர் அதிலிருந்துதான் வருகிறது. குழாய்க்குள் இருக்கிறவரை நல்ல பிள்ளை. வெளியே வந்தால் கண்ணைப் பொசுக்கும், நெஞ்சை அடைக்கும், அதிகமானால் சில நிமிடங்களில் ஆளையே முடித்துவிடும். மாமியார் நான்கும் சைரன் கேட்டதும் தாமாகவே விரியத் திறந்துகொண்டன. வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே ஓடி வந்தார்கள். காற்று வருகிற திசையில், கால்பந்து மைதானத்தில் போய்க் கூட வேண்டும் என்பது பழக்கம். அங்கே ஆறு கம்பங்களில் ஆறு கேமரா. ஒவ்வொருத்தியும் தலை வலையையும் முகக்கவசத்தையும் இழுத்துவிட்டு முகத்தைக் காட்டக் காட்ட, ஃபெலிசியாவின் டேப்லெட்டில் எண் விழுந்துகொண்டே வந்தது. ஆயிரம். அறுநூறு. முந்நூறு. முர்தினிக்கு அந்த நேரத்திலும் ஒரு திருப்தி. இதற்காகத்தானே இத்தனை பாடுபட்டோம் என்று நினைத்தாள்.

நூற்றெண்பத்தேழில் எண் நின்றுவிட்டது.

அதற்குள் அலோ கேமராவில் முகத்தைக் காட்டிவிட்டு வந்து சேர்ந்தான். அலோய்சியஸ் என்பது முழுப்பேர், ஃப்ளோரஸ் தீவுக்காரன், கிறிஸ்தவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் இயந்திர அறைகளுக்கு அவன்தான் காவல், மற்றவர்கள் தொழப் போய்விடுவார்களே. அவன்தான் சைரனை அமுக்கினவன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கூடவே பாலித்தீவுக்காரன் கெதுட். அவசரக் குழுவில் அந்த நேரத்துக்கு மிச்சமிருந்தது இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேரும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாம் நம்பர் ரூம் இபு. குழாய் பிச்சுக்கிச்சு. உள்ள எத்தனை பேர்?"

ஃபெலிசியா டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"நூத்தியெம்பத்தேழா!" என்றான் கெதுட்.

"இல்ல, இல்ல," என்றாள் முர்தினி. "அவங்கல்லாம் பள்ளிவாசல்ல இருக்காங்க. லாரி கேட் வழியாப் போயிட்டாங்க."

"எல்லாருமா?" என்று கேட்டாள் ஃபெலிசியா.

ஒரே ஒரு சொல். கூட்டமாகத்தான் போனார்கள். அவள் ஒவ்வொரு முகமாகவா பார்த்தாள்? இந்தப் பெண்ணிடம் சமாளித்துக்கொண்டல்லவா நின்றாள். நூற்றெண்பத்தேழில் ஒருவன் கழிவறையில் இருந்தால்? ஒருவன் மூச்சுமுட்டி விழுந்து கிடந்தால்? கணக்கு அவனைக் காட்டாது. காட்ட முடியாதபடி அவளே பண்ணிவைத்திருந்தாள்.

அலோ மெதுவாகச் சொன்னான். "இபு, பாக் தர் பதினொண்ணரைக்கு என்கிட்டதான் டியூட்டி மாத்திவிட்டார். ரெண்டாம் நம்பர் ரூமை ஒரு பார்வை பார்த்துட்டு அப்படியே தொழப் போறேன்னு சொன்னார். அப்புறம் நான் அவரைப் பார்க்கல."

பாக் தர், அதாவது தர்முஜி ஐயா. தன் புருஷனைத்தான் சொல்கிறான்.

"தீயணைப்பு வண்டி?"

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகுமாம். ரோடெல்லாம் ஜும்மா கூட்டம்," என்றான் கெதுட்.

"அலோ, ரெண்டு பேர் நாலு கூடத்தையும் தேட முடியாது. கால் மணி நேரக் காத்துதான் இருக்கு உங்ககிட்ட. நான் போய் எண்ணிட்டு வந்துடறேன். நான் சொல்ற வரைக்கும் உள்ள போகாதீங்க. ஃபெலிசியா, அதைத் தூக்கிட்டு வா."

பெண்கள் இரண்டு பேரும் ஓடினார்கள். ரோட்டைத் தாண்டினால் பள்ளிவாசல். உள்ளே குத்பா, அதாவது இமாமின் பிரசங்கம், நடந்துகொண்டிருந்தது. சைரன் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. எல்லோரும் நெளிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் குத்பா ஓதும்போது பேசக்கூடாது, பேசினால் ஜும்மாவின் பலன் போய்விடும். செல்போனெல்லாம் தொழிற்சாலை லாக்கரில். உணவு தயாரிக்கிற இடத்தில் செல்போன் கூடாது என்பது சட்டம். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆண்கள் வரிசைக்கு நடுவில், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முர்தினி நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தடுக்கத் தோன்றாது. இமாம் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"அமோனியா கசிஞ்சிருக்கு. பொம்பளைங்க எல்லாரும் மைதானத்துல பத்திரமா இருக்காங்க," என்றாள். மைக் வழியாக அவள் குரல் தெரு முழுக்கப் போயிற்று. முன்வரிசையில் தொழிற்சாலைத் தலைவர் பாக் லுக்மான் எழுந்து நிற்பதைப் பார்த்தாள். "பாக், லாரி கேட்டை நான்தான் திறந்து விட்டேன். அஞ்சு வாரமாத் திறந்து விடுறேன். அதனால உள்ள யார் இருக்கா, இல்லைன்னு எனக்குத் தெரியல. தப்பு என்னோடது. இப்ப எல்லாரும் தொப்பியைப் பின்னால தள்ளிட்டு, நிமிர்ந்து, இந்தப் பொண்ணைப் பாருங்க. ஒருத்தரும் அசையாதீங்க."

ஃபெலிசியா டேப்லெட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். ஒரே பார்வையில் ஏழெட்டு முகத்தை அது பிடித்தது. ஒவ்வொரு பெயராகப் பச்சை ஆயிற்று. மாமியார் முன்னால் அலுத்துக்கொண்டு நின்ற அதே முகங்கள் இப்போது கண் கொட்டாமல் பார்த்தன. நூறு. அறுபது. முப்பது. வெளியே ரோட்டில் தொழ உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தாயிற்று. மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும்.

"நூத்தியெம்பத்தாறு," என்றாள் ஃபெலிசியா. "ஒருத்தர் குறையறார் இபு."

டேப்லெட்டை அவள் காட்டவில்லை. முர்தினி பிடுங்கிப் பார்த்தாள். சிவப்பாக ஒரே ஒரு பெயர். புகைப்படத்தில் தர்முஜி அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை எடுத்த அன்றைக்கு, "மாமியாருக்கு முன்னாடி சிரிக்கணுமா, முறைக்கணுமா?" என்று அவளைக் கேட்டவன்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். தன் புருஷனுக்காக இரண்டு பேரை விஷக் காற்றுக்குள் அனுப்ப வேண்டும். அலோவுக்குக் கைக்குழந்தை. கெதுட்டுக்குப் போன மாதம்தான் கல்யாணம்.

"அலோ, ஒரே ஒரு ஆள். ரெண்டாம் நம்பர் ரூம்."

"யாரு இபு?"

"தர்முஜி."

வாக்கி-டாக்கியில் முகமூடியை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டது.

"போறோம் இபு," என்றான் அலோ.

அவள் மறுபடியும் மைக்கைப் பிடித்தாள். "என் வீட்டுக்காரரை யாராவது பார்த்தீங்களா? கேட்டைத் தாண்டி வந்ததை ஒருத்தராவது பார்த்தீங்களா?"

நூற்றெண்பத்தாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை, பார்த்தேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணம் ஆயிற்று. இந்த ஊர் ஆட்களின் பாழாய்ப்போன நல்ல குணம் அது. பக்கத்தில் இருப்பவனின் மானத்தைக் காப்பாற்ற உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். தோழியின் வில்லையை ஆணியில் மாட்டினதும் இதே குணம்தான்.

"ரெண்டு பேர் அவரைத் தேடி உள்ள போயிட்டாங்க," என்றாள். "அலோவும் கெதுட்டும். தெரிஞ்சவங்க சொல்லுங்கய்யா."

மூன்றாவது வரிசையில் சுப்ரி எழுந்தான். தர்முஜியின் கூட்டாளி. இமாமைப் பார்த்தான், பாக் லுக்மானைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"பாக் தர் உள்ள இல்ல இபு. எங்க கூடத்தான் வெளிய வந்தார். வந்து... சர்மி அக்கா கடைக்குப் பின்பக்கம் போனார்."

"தொழ வரலையா?"

"அவர் வாராவாரம் அங்கதான் இபு."

முர்தினி ஓட்டமெடுத்தாள். ஓடிக்கொண்டே வாக்கி-டாக்கியில் கத்தினாள். "அலோ! கெதுட்! திரும்புங்க!" பதில் இல்லை. இரைச்சல் மட்டும் வந்தது. இயந்திர அறையின் சுவர் தடிமன், அலை சரியாக எட்டாது.

பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் சர்மியின் சாப்பாட்டுக் கடை. ஜும்மா நேரத்தில் கடையைச் சுற்றித் துணி கட்டிவிடுவாள். சாப்பிடுகிறவன் முகம் தெரியாது, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். அன்றைக்கு அங்கே மூன்று ஜோடிக் கால்கள் இருந்தன, இரண்டு ஜோடி வெளியாட்களுடையது. இருபது வருடமாகப் பார்த்த காலை அவளுக்குத் தெரியாதா? இடது கட்டைவிரல் நகம் கறுத்த கால். கைலியை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தது.

துணியை இழுத்தாள். தர்முஜியின் வாயில் பாதிக் கவளம். தட்டில் சிப்பிக் குழம்பில் ஊறின சோற்றுக் கட்டி, லொந்தோங் குபாங்; பக்கத்தில் இளநீர்.

"முர்..." என்றான்.

அவனை அடிப்பாள் என்றுதான் சர்மி நினைத்தாள். அடிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்துப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், சூடாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

"சைரன் கேக்கலையா மாஸ் உங்களுக்கு?"

"கேட்டுச்சு. ஒத்திகைன்னு நினைச்சேன். வெளிய வந்தா எல்லாரும் பார்த்துடுவாங்களேன்னு..."

"உங்களைத் தேடி அலோவும் கெதுட்டும் மெஷின் ரூமுக்குள்ள போயிருக்காங்க."

அவன் கையிலிருந்த கரண்டி விழுந்தது. எழுந்து, அவளுக்கு முன்னால் ஓடத் தொடங்கினான். அந்தக் கனத்த உடம்போடு அவன் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. அவளும் ஓடினாள். கேட்டுக்கு வருகிறவரை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு குரல் கரகரத்தது.

"இபு, அலோ பேசறேன். ரூமை மூணு தடவை சுத்தியாச்சு. ஆள் இல்ல. கெதுட் வால்வை மூடிட்டான். காத்து இன்னும் ஏழு நிமிஷத்துக்கு இருக்கு. பாக் தர் எங்கயாவது மூலைல விழுந்திருப்பார், இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறோம்."

"வேண்டாம் அலோ. வெளிய வாங்க. கிடைச்சுட்டார். நல்லா இருக்கார். வெளிய வாங்கப்பா, ரெண்டு பேரும் வாங்க."

இரண்டு பேரும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்கள். முகத்தில் ரப்பர் விளிம்பு அழுந்தின தடம் சிவந்து கிடந்தது. அலோ தர்முஜியை மேலும் கீழும் பார்த்தான்.

"எங்க இருந்தீங்க பாக்?"

தர்முஜியால் பொய் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. "சர்மி கடைல. சாப்ட்டுட்டிருந்தேன்."

"என்ன சாப்பாடு?"

"லொந்தோங் குபாங்."

அலோ தலையாட்டினான். "நல்லா இருந்துச்சா?"

கிண்டலாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா, யாருக்குத் தெரியும்? தர்முஜி அவன் காலடியில் அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கெதுட்தான் தோளைத் தட்டிக்கொடுத்து, "அழாதீங்க பாக், உள்ள செத்துக் கிடந்திருந்தா தூக்கிட்டு வர்றதுக்குள்ள எங்க உயிர் போயிருக்கும், உங்க எடைக்கு" என்றான்.

பாக் லுக்மானும் மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர் முர்தினியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. "என்ன தண்டனைன்னாலும் கொடுங்க பாக்," என்றாள். "ஆனா வெளிய வர இன்னும் நாலு கதவு போட்டுட்டுக் கொடுங்க." அவர் ஃபெலிசியாவைக் கூப்பிட்டு நான்கு கதவு போட எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

டேப்லெட்டில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. உள்ளே ஒருவர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஃபெலிசியா அதைத் தர்முஜிக்கு நேரே பிடித்தாள். பச்சை விழவில்லை. மறுபடியும் பிடித்தாள். அழுது வீங்கின முகத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"முகத்தைத் துடைச்சுக்கச் சொல்லுங்க இபு."

மைதானத்தில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முர்தினி முட்டிபோட்டு உட்கார்ந்து, தலைத்துணியின் நுனியால் புருஷனின் கண்ணையும் மூக்கையும் வாயோரத்தில் ஒட்டியிருந்த குழம்பையும் துடைத்தாள். மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"சிரிங்க மாஸ்," என்றாள்.

அவனால் சிரிக்க முடியவில்லை. இருந்தாலும் பச்சை விழுந்தது. உள்ளே பூஜ்யம் என்று காட்டிற்று. முர்தினி அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள், புருஷனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அவன் அழுததைவிடச் சத்தமாக அழுதாள்.